திருந்தினவன் ஏன் சாக வேண்டும்?

நண்பர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. நம்ம சினிமாவில் கெட்டவன் திருந்தினால் அவனுக்கு என்ன ஆகும்? கதாநாயகனுக்கு விழ வேண்டிய கத்திக்குத்தைக் குறுக்கே பாய்ந்து வாங்கிக்கொண்டு, நாலு வரி வசனம் பேசிவிட்டுச் செத்துப்போவான்! நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுவோம். அவன் மறுநாள் காலையில் எங்கே வேலைக்குப் போவான், யார் அவனை நம்பி உள்ளே விடுவார்கள் என்ற தொல்லையெல்லாம் நமக்கு இல்லை. செத்தவனை மன்னிப்பது சுலபம். உயிரோடு எதிரில் வந்து நிற்பவனை மன்னிப்பதுதான் கஷ்டம்.

இதை நான் தியேட்டரில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளவில்லை. போன வருடம் எங்கள் வகுப்பில் ஐந்து பேர் சேர்ந்து 24 நிமிடப் படம் ஒன்று எடுத்தோம். கேமரா என்றால் செல்போன்தான். மொத்தச் செலவு 9,300 ரூபாய், அதில் பாதி சாப்பாட்டுக்கே போய்விட்டது! கதை இதுதான்: குடியால் வேலையை இழந்த ஒரு டர்னர், சிகிச்சை முடிந்து பட்டறைக்குத் திரும்பி வருகிறார். அவ்வளவே.

மறைப்பானேன், அது என் அப்பாவின் கதை. கோவையில் லேத் பட்டறைகளில் இருபது வருடம் வேலை பார்த்தவர். குடியை விட்டு வந்த பிறகு ஏழெட்டுப் பட்டறை ஏறி இறங்கினார். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள், "சொல்லி அனுப்பறோமுங்க" என்று. ஒருத்தரும் சொல்லி அனுப்பவில்லை. கடைசியில் ஒரு சின்னப் பட்டறை முதலாளி மட்டும் அறிவுரை எதுவும் சொல்லாமல் சாவியை எடுத்துக் கையில் கொடுத்தார். "காலையில எட்டு மணிக்கு நீங்களே வந்து திறந்துருங்க." வீட்டுக்கு வந்த அப்பா அந்தச் சாவியை டி.வி. மேல் வைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இந்த விஷயத்தில் நமக்கெல்லாம் முன்னோடியாக ஒரு படம் இருக்கிறது. வி. சாந்தாராம் தயாரித்து, இயக்கி, நடித்து 1957-ல் வந்த 'தோ ஆங்க்கேன் பாரஹ் ஹாத்' என்ற இந்திப்படம். ஆறு கொலைக் கைதிகளை ஒரு ஜெயிலர் சிறைக்கு வெளியே கூட்டிப் போய், வறண்ட நிலத்தில் காய்கறி விளைய வைக்கிறார். 1958-ல் பெர்லின் திரைப்பட விழாவில் வெள்ளிக் கரடி பரிசு வாங்கியது. அதைத்தான் 1975-ல் எம்.ஜி.ஆர். 'பல்லாண்டு வாழ்க' என்று தமிழில் நடித்தார். அந்தக் கதை வெறும் கற்பனையும் அல்ல. அவுந்து சமஸ்தானத்தில் 1939 வாக்கில் சுதந்திரபூர் என்ற இடத்தில் திறந்தவெளிச் சிறை நடத்திப் பார்த்தார்கள். அதற்கு முன்நின்றவர்களில் ஒருவரான மாரிஸ் ஃப்ரீட்மன், போலந்து நாட்டு என்ஜினியர். அதாவது நம்ம ஜாதி!

அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது எது தெரியுமா? முடிவில் திருந்தின கைதிகள் சாகவில்லை. அவர்களை நம்பின ஜெயிலர்தான் சாகிறார். அவர்கள் இருந்து உழைக்க வேண்டும். அதில் காளையோடு மோதும் காட்சியில் சாந்தாராமுக்கே கண்ணில் அடிபட்டு, பார்வை போய்விடுமோ என்ற நிலை வந்தது. தேறி வந்து 1959-ல் 'நவரங்' எடுத்தார். அவருக்கும் அது இரண்டாவது வாய்ப்புதானே!

"சாந்தாராமுக்கு சொந்த ஸ்டூடியோ இருந்துச்சு, நமக்கு என்னடா இருக்கு மாப்ளே?" என்று கேட்பீர்கள். கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் ஒடேஸா குழுவினரும் ஊர் ஊராகப் போய் ஜனங்களிடம் காசு திரட்டி 1986-ல் 'அம்ம அறியான்' எடுத்தார்களே! நம்ம மதுரைப் பக்கத்து வெயிலில் எடுத்த வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-ல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியதே! அந்தப் படத்துக் குடிகார அப்பன் கடைசிவரை திருந்தவே இல்லை. திருந்தாததைத் திருந்தியதாகக் காட்டாததும் ஒரு நேர்மைதான் என்பது என் தாழ்மையான கருத்து.

எங்கள் படத்துக்கு வருகிறேன். நடிக்க வந்த நண்பனுக்கு லேத்தில் கை வைக்கத் தெரியும், ஆனால் இருபது வருடத்துக் கை வரவில்லை. கடைசியில் அப்பாவையே நிற்க வைத்தோம். சக்கில் ஜாப்பை மாட்டினார், டூலைக் கொண்டுபோய் ஒட்டினார், அருமை! அடுத்து குடித்துவிட்டு ரோட்டில் விழும் காட்சி. அதைத்தான் நான் ரொம்பப் பெரிதாக எழுதி வைத்திருந்தேன். அப்பா தலையை ஆட்டினார். "நடிப்புக்குக்கூட வேண்டாங் கண்ணு. அந்த நடை இந்தக் காலுக்கு மறுபடி ஞாபகம் வந்துரும்."

நான் கூனிக் குறுகிப் போனேன். கைதட்டல் வாங்குவதற்காக, ஆறிக்கொண்டிருந்த புண்ணைக் கீறப் பார்த்தேனே! அந்தக் காட்சியை அன்றே தூக்கிவிட்டோம். அதற்குப் பதில், சாவி போட்டு ஷட்டரைத் தூக்கும் காட்சியை முழுசாக ஒரு நிமிடம் வைத்தோம். படம் பார்த்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்.

ஒர்க்‌ஷாப்பில் நாம் பார்த்ததுதான். தேய்ந்த ஷாஃப்டை உடனே ஸ்க்ராப்பில் போடுவதில்லை. வெல்டிங் வைத்து மேடேற்றி, மறுபடி டர்னிங் செய்து சைஸுக்குக் கொண்டு வருகிறோம். ஆனால் அவசரப்பட்டுத் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடும். தானாக ஆற வேண்டும். இரும்புக்கே அவ்வளவு பொறுமை என்றால் மனுஷனுக்கு?

ஆகவே மாணவ நண்பர்களே, கதை தேடி எங்கும் போக வேண்டாம். ஆறு அரியர் வைத்தவன், பாதியில் நின்று திரும்பி வந்து ஜூனியர்களோடு கூச்சப்பட்டு உட்கார்ந்திருப்பவன், இவர்களெல்லாம் நம்ம வகுப்பிலேயே இருக்கிறார்கள். அவர்களைப் படம் எடுப்பதற்கு முன்னால் கேட்டுவிட்டு எடுங்கள். எடுத்தால் கடைசிக் காட்சியில் கொன்றுவிடாதீர்கள்! நம் மாணவர் மன்றம் ஆண்டுக்கு ஒரு நாள் மாலை ஆடிட்டோரியத்தை இப்படிப்பட்ட படங்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அப்பா இன்றைக்கும் காலை எட்டு மணிக்குப் பட்டறையைத் திறக்கிறார். சாவி இப்போது டி.வி. மேல் இருப்பதில்லை, சட்டைப் பையில் இருக்கிறது.

— இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை