குறைக்கக் கூடாத செலவு

அரிசி, எண்ணெய், பள்ளிக் கட்டணம் என ஒவ்வொன்றாக உயரும்போது, நாம் முதலில் எடுப்பது சேமிப்புக் கணக்கிலிருந்துதான். அது குற்றமன்று. ஆயினும் மே மாத இறுதியில் கணக்கு வெறுமையாயிருந்தால், பிரதம மந்திரி ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுக்கான 436 ரூபாயும், சுரக்ஷா விபத்துக் காப்பீட்டுக்கான 20 ரூபாயும் பிடித்தம் செய்ய இயலாது. தலா 2 இலட்சம் ரூபாய்ப் பாதுகாப்பு ஓசையின்றி நின்றுவிடும். பொருளீட்டுபவரை இழந்த வீட்டிற்கு அதைவிடப் பெருஞ்சுமை ஏது?

இரண்டுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு ஒன்றேகால் ரூபாய். ஒரு குவளைத் தேநீரின் விலைகூட இல்லை. எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்கலாகாது என்றே நாம் கருதுகிறோம். கணக்கில் அத்தொகையைத் தனியே விட்டுவைப்போம். காப்பீடு நின்றிருக்குமோ என ஐயம் எழுந்தால் கிளையில் கேட்போம். தகுதியுடையோர் மீண்டும் சேரலாம். கேட்பதில் இழுக்கில்லை.