கண்ணாடிப் பெட்டியின் காவல்

‘அரிய கிட்டாரை வாசித்தால் தேயும், சுவரில் மாட்டினால்தான் பிழைக்கும். ஓவியத்தை யாராவது தொட்டுப் பார்க்கிறார்களா?’ என்கிறார்கள் சேகரிப்பாளர்கள். பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மரின் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கதை தெரியாதவர்களுக்கு இது நியாயமாகவே படும்.

1970-இல் நியூயார்க்கில் வாங்கிய கிட்டார் அது. கில்மர் அதைப் பொத்தி வைக்கவில்லை. கழுத்தைப் பலமுறை மாற்றினார், பிக்கப்பை மாற்றினார், வேறொரு ட்ரெமலோவைப் பொருத்தி, பிறகு அதையும் கழற்றி எறிந்தார். ‘அசல் நிலை’ என்று உருகுகிறவர்கள் பார்த்தால் மயங்கி விழுவார்கள். பிங்க் ஃபிளாய்டின் புகழ்பெற்ற ஆல்பங்களில் ஒலித்தது இந்தக் கிட்டார்தான். 1980களில் ஓர் உணவகத்துக்குக் காட்சிப்பொருளாகப் போனது. 1990களில் சேதப்பட்டுத் திரும்பியது. ஆம், சுவரில் தொங்கியபோதுதான்! பழுதுபார்த்து, 2005 லைவ் 8 இசைநிகழ்ச்சி மேடையில் அதை மறுபடி வாசித்தார் கில்மர்.

2019 கிறிஸ்டீஸ் ஏலத்தில் அதன் விலை 39.75 லட்சம் டாலர். மரத்துக்கும் கம்பிக்குமா அவ்வளவு பணம்? வாசிப்புக்குத்தான். வாசிப்பால் வந்த விலையைக் கொடுத்துவிட்டு, வாசிப்பதே கேடு என்பது என்ன தர்க்கம்?

கிட்டார் மட்டுமல்ல: குவார்னேரி 1743-இல் செய்த, வயலின் மேதை பகனீனியின் வயலின் இத்தாலியின் ஜெனோவா நகரத்தின் சொத்து. அதைப் பகனீனி போட்டியில் வென்றவர்களின் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்கிறது அந்நகரம்.

காசிருந்தால் வாங்கி மாட்டுங்கள், யாரும் தடுக்கவில்லை. இசையைக் காப்பாற்றுகிறோம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.