பழைய டொயோட்டாவுக்கு வேறு எஞ்சின் எதற்கு?

அமெரிக்காவில் 1985 முதல் 1995 வரை விற்ற டொயோட்டா 4x4 பிக்கப்பை வைத்திருப்பவர் யாரிடம் போய்க் கேட்டாலும் வைத்தியம் ஒன்றுதான். "22ஆர்-இ எஞ்சினில் சக்தி இல்லை. ஹெடர் போடு, கோன் ஃபில்டர் போடு, அதுவும் போதாவிட்டால் வி6-க்கு மாறு." நாலு சிலிண்டர், 2,366 சிசி, 116 குதிரைசக்தி. எண்களைப் பார்த்தால் பேச்சு நியாயமாகத்தான் தெரியும். ஆனால் காணாமல்போன இழுவையைப் பெரும்பாலும் பானட்டைத் திறந்து தேடிப் பயனில்லை.

டயரைப் பாருங்கள். கம்பெனி போட்டுக் கொடுத்த 225/75ஆர்15 டயரின் விட்டம் சுமார் 28.3 அங்குலம். பாறையில் அடி தட்டுகிறதென்று உரிமையாளர் 33 அங்குல டயர் மாட்டுகிறார். ஆக்ஸிலில் இருப்பதோ அதே 4.10 விகிதம். சக்கரம் ஏறக்குறைய 17 சதவீதம் பெருத்ததில் அது 3.5 போலத்தான் வேலை செய்யும். ஐந்தாவது கியர் பேருக்கு இருக்கும். சின்ன மேட்டுக்கே மூன்றாவதைத் தேட வேண்டும். திட்டு மட்டும் எஞ்சினுக்கு! கிரவுன்-பினியனை 4.88-க்கு மாற்றினால் பழைய இழுவை திரும்பிவிடும். முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் இரண்டிலும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி 4x4 போட்டால் இரண்டும் மல்லுக்கட்டி எதையாவது உடைக்கும்.

"பல் விகிதத்தை மாற்றினால் நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறும், பெட்ரோலைக் குடிக்கும்" என்பது அடுத்த பயம். 28 அங்குல டயரோடு 4.88 போட்டால் அலறும்தான். 33 அங்குலத்தோடு போட்டால், வண்டி புதிதில் ஓடிய அதே சுற்றுக்கு அருகில்தான் எஞ்சின் ஓடும்.

பாறை ஏறக் குதிரைசக்தி வேண்டும் என்ற வாதம் இன்னும் பலவீனமானது. கலிஃபோர்னியாவின் ரூபிகன் டிரெயிலில் வண்டி நடக்கிற வேகத்துக்கும் கீழேதான் நகர வேண்டும். டபிள்யூ56 கியர்பாக்ஸின் முதல் கியர் 3.95, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 2.28, ஆக்ஸில் 4.10. மூன்றையும் பெருக்கினால் 37. ஐடிலில் 800 சுற்று ஓடும்போது, 33 அங்குல டயரில் மணிக்கு 3.4 கிலோமீட்டர். பாறை இடுக்கில் அது ஓட்டம். அதனால்தான் ஓட்டுநர் கிளட்சைப் பாதி மிதித்தே கருக்குகிறார். எஞ்சின் எத்தனை பெரிதானாலும் அந்த 3.4 குறையாது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் 4.70 பல் செட்டைப் போட்டால் 37 என்பது 76 ஆகிறது, வேகம் 1.7-க்கு இறங்குகிறது, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடலாம். இறக்கத்தில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஹை ரேஞ்சில் எதுவும் மாறாது. இதற்கும் விலை உண்டு. இரட்டிப்பான முறுக்கு, 1985 வரை வந்த திடமான முன் ஆக்ஸிலின் பிர்ஃபீல்டு ஜாயின்டில் போய் விழும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவைத்து ஆக்ஸிலரேட்டரை மிதிப்பவர் ஜாயின்டைச் சில்லாக்கிவிடுவார்.

கோன் ஃபில்டரைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. கூண்டில்லாமல் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து சூடான காற்றையே உறிஞ்சும்.

"எஞ்சினுக்கு வயதாகிவிட்டது" என்கிறவர்கள் டைமிங் எப்படி வைக்கப்பட்டது என்று கேட்டுப் பார்க்கலாம். 5 டிகிரி என்கிறது கையேடு. அதற்கு முன் டயக்னாஸ்டிக் பெட்டியில் குறிப்பிட்ட இரண்டு முனைகளைத் துண்டு ஒயரால் இணைக்கவும் சொல்கிறது. இணைக்காவிட்டால் கம்ப்யூட்டர் தன் பங்குக்கு டைமிங்கை முன்னே தள்ளும். அந்தப் பங்கையும் சேர்த்து 5 டிகிரி என்று வைத்துவிட்டால் டைமிங் பின்தங்கி, நல்ல எஞ்சினும் சவமாய்க் கிடக்கும். டாப்பெட்டும் கையால் சரிசெய்வதுதான்: எஞ்சின் சூடாக இருக்கும்போது இன்டேக் 0.20 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.30. காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் கடகடத்தால் டைமிங் செயினின் பிளாஸ்டிக் கைடு உடைந்திருக்கலாம். விட்டால் செயின் கவரையே அறுத்து, ஆயிலில் தண்ணீரைக் கலந்துவிடும்.

அந்தக் காலத்து 3.0 லிட்டர் வி6-ஐ மாட்டச் சொல்பவர்கள் அதன் ஹெட் கேஸ்கெட் போகும் கதையை மறந்துவிடுகிறார்கள். 1995-இல் டகோமாவோடு வந்த 190 குதிரைசக்தி 3.4 லிட்டர் எஞ்சின் வேறு ரகம். சுமையோடு மலை நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தைப் பிடிக்க நினைப்பவருக்குப் பல் மாற்றம் உதவாது. அங்கே சக்திதான் வேண்டும், அந்த எஞ்சின் மாற்றம் செலவுக்குத் தகும். ரூபிகனுக்குப் போகிறவர் அதே பணத்தில் இரண்டு ஆக்ஸிலுக்கும் கிரவுன்-பினியனும் 4.70 செட்டும் வாங்கலாம்.