"கோளாறு இல்லை" என்றது லேப்! 3 வருடத்தில் புற்றுநோய்!!

கையிலே "கோளாறு இல்லை" என்று ரிப்போர்ட். உடம்புக்குள்ளே புற்றுநோய்! அயர்லாந்து நாட்டையே உலுக்கிய விவகாரம் இது.

விக்கி பெலன், 2 குழந்தைகளின் தாய். 2011-ம் ஆண்டு அரசு திட்டத்தில் கர்ப்பப்பை வாய் பரிசோதனை செய்துகொண்டார். கோளாறு இல்லை என்று முடிவு வந்தது. 2014-ல் புற்றுநோய்!

பழைய ஸ்லைடை மறுபடி பார்த்தார்கள். முதல் முடிவு தப்பு! அதை விக்கியிடம் சொன்னது எப்போது தெரியுமா? 2017-ல்தான்!

மசியவில்லை

ஸ்லைடைப் பார்த்தது அமெரிக்காவில் டெக்சாஸ் லேப். விக்கி வழக்கு போட்டார். 2018 ஏப்ரலில் 25 லட்சம் யூரோ கொடுத்து லேப் சமாதானம் ஆனது. தவறை ஒப்புக்கொள்ளவில்லை.

"வெளியே பேசக்கூடாது" என்ற நிபந்தனைக்கு விக்கி மசியவில்லை. பேசினார். குட்டு உடைந்தது! மறுபார்வையில் முடிவு மாறிய பெண்கள் 200-க்கும் மேல். அவர்களில் பெரும்பாலோருக்கு விஷயமே சொல்லப்படவில்லை.

எப்படி நடக்கிறது?

ஒரு ஸ்லைடில் ஆயிரக்கணக்கான செல்கள். கெட்டது நாலைந்துதான் இருக்கும். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துத் தேடணும். அசந்தால் போச்சு!

ஸ்லைடுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து வேலை வாங்கிய அமெரிக்க லேப்களை 1987-ல் பத்திரிகைகள் அம்பலப்படுத்தின. 1988-ல் சட்டம் வந்தது. அதன் விதிப்படி ஒருவர் 24 மணி நேரத்தில் 100 ஸ்லைடுக்கு மேல் பார்க்கக் கூடாது. நல்லது என்று ஒதுக்கியதில் நூற்றுக்கு 10-ஐ மறுபடி பார்க்கணும்.

சரி, மீதி 90? அதை மறுபடி பார்க்கச் சொல்லி சட்டம் கட்டாயப்படுத்தவில்லை!

எது குற்றம்?

எத்தனை கட்டுப்பாடு போட்டாலும் மனிதக் கண் சில சமயம் ஏமாறும். அதனால்தான் சில வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனையைத் திரும்பச் செய்யச் சொல்கிறார்கள். ஒருமுறை தப்பியது அடுத்த முறை சிக்கும். ஆனால் தெரிந்த தவறை மறைப்பது கண் செய்த பிழை அல்ல. அது ஆள் செய்தது!

விக்கி 2022 நவம்பரில் காலமானார். பெரிய தவறுகளை நோயாளியிடம் சொல்லியே ஆகணும் என்று 2023-ல் அயர்லாந்து சட்டம் போட்டது.

ரிப்போர்ட் "நார்மல்" என்று வந்தாலும், மாதவிடாய் நின்ற பிறகோ இடையிலோ ரத்தப்போக்கு இருந்தால் சும்மா இருக்கக் கூடாது. டாக்டரிடம் போங்கள். சீட்டை விட உடம்பு சொல்வது முக்கியம்!