கல்வெட்டு காட்டும் கடித முறை

தஞ்சைப் பெருவுடையார் கோயிலை வலம் வரும் அன்பர் பலர் விமானத்தை அண்ணாந்து நோக்கி வியப்பர். அதன் அடிப்பகுதியில் வரிவரியாக ஓடும் எழுத்துகளின் முன் நிற்போர் சிலரே. தாம் கொடுத்தனவும், தமக்கையார் குந்தவையார் கொடுத்தனவும், பிறர் கொடுத்தனவும் கல்லில் வெட்டப்பட வேண்டும் என முதலாம் இராசராச சோழன் தன் 26-ஆம் ஆட்சியாண்டில் இட்ட ஆணையின்படி அமைந்த கணக்குகள் அவை. கடிதமோ ஒப்பந்தமோ எழுத அமர்வோர் அவற்றினின்று கற்க வேண்டியவை பல.

முதலாவது, ஐயத்துக்கு இடமில்லாத அளவு. பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல்லாலும், மணிகள் பதித்த அணிகலன்களைத் ‘தட்சிணமேருவிடங்கன்’ என்னும் எடைக்கல்லாலும் நிறுத்ததாக எழுதினர். எவ்வளவு என்பதோடு, எதனால் அளந்தது என்பதும் அங்கே உண்டு. முத்துகளை நிறுத்தபோது கோத்த நூலின் எடையைக் கழித்ததைக்கூடக் குறித்து வைத்தனர்.

இரண்டாவது, பொறுப்பு இன்னாருடையது என்னும் தெளிவு. ஒரு திருவிளக்கு எரிய 96 ஆடுகள் அளிக்கப்பட்டன. அவற்றைப் பெற்றுக்கொண்டவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். பெற்றவர் பெயரும், தர வேண்டிய பொருளும், அளவும், காலமும் ஒருங்கே நிற்கின்றன.

மூன்றாவது, பின்வருவதை முன்னரே எண்ணுதல். கோயிற்பணிக்கு அமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டிரின் பெயர்கள், அவரவர் குடியிருந்த தெருவும் வீட்டு வரிசையும் காட்டி வெட்டப்பட்டன. ஒருவர்க்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அவர் இறந்தாலோ, வேற்றூர் சென்றாலோ, நெருங்கிய உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணியைச் செய்ய வேண்டும். உறவினர்க்குத் தகுதி இல்லையேல், தக்கவரைக் கொண்டு செய்விக்க வேண்டும். கேள்வி எழுமுன்னரே விடை கல்லில் ஏறிவிட்டது.

பெற்றோர் நினைவாகக் கட்டளை ஏற்படுத்தும் பெரியோர் இன்றும் பலர் உள்ளனர். “ஆண்டுதோறும் சிறப்பாகப் பூசை நடத்துக” என்று மட்டும் எழுதிப் பணத்தை ஒப்படைத்தால், அச்சொல் எத்தனை நாள் தாங்கும்? எந்தத் திதியில் நடத்துவது? முதலைத் தொடாமல் வட்டியிலிருந்து மட்டும் செலவிடுவதா? வட்டி குறைந்தால் எதனைச் சுருக்குவது? பொறுப்பேற்றவர் மறைந்தால் அடுத்தவர் யார்? இவை எழுதப்படாத இடத்தில் பிள்ளைகளிடையே மனக்கசப்பு நுழைகிறது; காலப்போக்கில் பூசையும் நின்றுபோகிறது.

கையொப்பமிடுமுன், அச்செய்தியை அறியாத ஒருவரிடம் அக்கடிதத்தைப் படிக்கத் தருதல் நன்று. அவர் ஒரு கேள்வி கேட்பாராயின், அதற்குரிய விடையையும் கடிதத்தில் சேர்த்துவிட வேண்டும். எழுதியவரிடம் சென்று கேட்க இயலாத காலமும் ஒருநாள் வரும். அன்று விளக்கு அணையாமல் எரிவது, இன்று எழுதும் சொல்லின் தெளிவைப் பொறுத்தது.