ஞாயிற்றுக்கிழமையின் விலை என்ன?



"ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனால் நாலு காசு. வீட்டில் சும்மா இருந்தால் என்ன கிடைக்கும்?" சிம்பாங் ரெங்கத்தில் நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி அதை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 65 ரிங்கிட் 38 சென். மாதச் சம்பளக்காரர் ஓய்வு நாளில் முழு நாள் உழைத்தால், சட்டம் உறுதி செய்யும் கூடுதல் பணம் அவ்வளவுதான். நாள் கூலி வாங்குபவருக்கு இரண்டு நாள் கூலி.

இது வரவு. செலவு எங்கே? பொருளாதாரத்தில் 'வாய்ப்புச் செலவு' என்பார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கைவிடுபவற்றில் எது சிறந்ததோ, அதுவே நாம் கொடுக்கும் விலை. அது சம்பளச் சீட்டில் வராது.

ஜொகூரில் 2014 முதல் 2024 இறுதி வரை பள்ளிகளுக்கு வெள்ளி, சனி விடுமுறை. பல தொழிற்சாலைகளுக்கோ ஞாயிறு. அப்பா வீட்டில் இருக்கும் நாளில் பிள்ளை பள்ளியில்! 2025 ஜனவரி 1 முதல் பள்ளிகளுக்கும் சனி, ஞாயிறு விடுமுறை. பத்தாண்டுகளுக்கு மேல் பல குடும்பங்களுக்குக் கிடைக்காத பொது நாள் இப்போது கிடைத்திருக்கிறது. அதை 65 ரிங்கிட்டுக்கு விற்கலாமா?

அந்த நாளில் மகளின் கணக்குப் பாடத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். வெல்டிங் பழகலாம், லாரி லைசென்சுக்குப் படிக்கலாம். நாளைய சம்பளத்தை உயர்த்துவது அதுதான். ஒன்றும் செய்யாமல் தூங்கினாலும் குற்றமில்லை. உடம்புதான் நமக்கிருக்கும் ஒரே முதல்.

வீட்டு வாடகை பாக்கி நிற்கும்போது வேலைக்குப் போவதே சரியான முடிவாக இருக்கலாம். யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் கணக்குப் பார்த்துப் போங்கள், பழக்கத்தால் போகாதீர்கள்.

இன்னொன்று. வேண்டாம் என்று சொல்ல முடிந்தால்தான் அது தேர்வு. ஷிப்டு முறையில் தொடர்ந்து நடந்தாக வேண்டிய வேலை, விபத்து போன்ற சட்டம் சொல்லும் சில சூழல்கள் தவிர, ஓய்வு நாளில் உழைக்க எந்த முதலாளியும் கட்டாயப்படுத்த முடியாது. கட்டாயப்படுத்தினால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யுங்கள்.

இன்றிரவு கணவனும் மனைவியும் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போடுங்கள். நம் நேரத்துக்கு நாமே விலை வைக்காவிட்டால், வேறொருவர் மலிவாக வைத்துவிடுவார்.