தேசப்படம் யாருடைய சொத்து?

சில நாட்களுக்கு முன் ஒரு கலியாணத்துக்காக வேளச்சேரிப் பக்கம் போக நேர்ந்தது. முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது. கைபேசியில் தெரிந்த தேசப்படம் வலது பக்கம் திரும்பும்படி கட்டளையிட்டது, திரும்பினோம். எதிரே ஒரு மதிற்சுவர் நின்றது. கூட வந்த பத்து வயதுச் சிறுமி, "இந்தப் படத்தை யார் போட்டார்கள், தாத்தா? தப்பாகப் போட்டால் அவர்களை யாருமே கேட்கமாட்டார்களா?" என்றாள். கலியாணச் சாப்பாடு முடிந்து வெகுநேரம் வரையில் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. ஆகவே இந்த வாரம் அதற்குப் பதில் சொல்லிப் பார்க்க உத்தேசம்.

யார் போட்டார்கள் என்பதை முதலில் பார்ப்போம். இந்தியாவைச் சாஸ்திரீயமாக முக்கோண முறையில் அளந்த மகத்தான காரியம், நாம் சுவரில் முட்டிக் கொண்ட இடத்துக்கு வெகு சமீபத்திலேதான் தொடங்கிற்று என்பதை நேயர்களில் எத்தனை பேர் அறிவார்களோ! 1802-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 10-ந் தேதி, வில்லியம் லாம்டன் என்னும் பட்டாளத்து அதிகாரி பரங்கிமலையருகில் நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை விரித்தார். அங்கிருந்து பெரும்பாக்கம் குன்று வரையில் உள்ள சுமார் ஏழரை மைல் தூரத்தை அளந்து முடிக்க 57 நாட்கள் பிடித்தன. வெயிலில் எஃகு எவ்வளவு நீளும் என்பதற்குக் கூட உஷ்ணமானியை வைத்துக் கொண்டு கணக்குப் பார்த்தார்கள். ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் முக்கோணம் முழுவதும் தெரிந்துவிடும் அல்லவா? அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணத்தின் மேல் முக்கோணமாகக் கட்டிக் கொண்டே போய், அவருக்குப் பின் வந்தவர்கள் இமயமலை வரையில் தேசத்தை அளந்துவிட்டார்கள்.

1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். தூரத்து அடையாளங்களைப் பார்ப்பதற்காக, அரை டன் கனமுள்ள தியோடலைட் என்னும் கோணமானியைக் கோபுரத்தின் மேல் ஏற்றினார்கள். கயிறு அறுந்து, அது சுவரில் மோதி உருக்குலைந்து போயிற்று. லாம்டன் பழுதான கருவியைக் கொண்டு ஒப்புக்கு வேலையைத் தொடரவில்லை. கூடாரத்துக்குள் உட்கார்ந்து, ஆறு வாரம் பாடுபட்டு, அதைத் தம் கையாலேயே சரி செய்தார். பிறகுதான் அடுத்த கோணத்தை அளந்தார். தேசப்படத் தொழிலின் தர்மம் என்னவென்று கேட்டால், அந்த ஆறு வாரத்தைத்தான் நாம் காட்டுவோம்.

அதே தொழிலில் வேறொரு கதையும் உண்டு. ராதாநாத் சிக்தார் என்னும் வங்காளி இளைஞர் 1831-ல் சர்வே இலாகாவில் கணக்கராகச் சேர்ந்தார். உலகத்திலேயே உயர்ந்த சிகரம் எது என்பதை 1852-ல் கணக்கிட்டுக் கண்டவர் அவரே. அதன் உயரம் 29,002 அடி என்று 1856-ல் வெளியிட்டார்கள். 2020-ல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து வெளியிட்ட அளவுக்கும் அதற்கும் வித்தியாசம் ஏறக்குறைய 30 அடிதான்! ஆனால் 1865-ல் சிகரத்துக்குச் சூட்டப்பட்ட பெயர், பழைய சர்வேயர் ஜெனரலான ஜார்ஜ் எவரெஸ்டின் பெயர். சிக்தாருக்காவது சரித்திரத்தில் ஒரு வரி கிடைத்தது. சங்கிலி பிடித்தவர்களும், கொடி சுமந்தவர்களும், காட்டு ஜுரத்தில் மாண்டவர்களும் பெயரில்லாமலே போனார்கள்.

கும்பினியார் இவ்வளவு சிரமப்பட்டது நம்மிடம் வைத்த அன்பினாலா? நிலவரி வசூலிக்கவும் பட்டாளத்தை நடத்தவும் அவர்களுக்குப் படம் தேவைப்பட்டது. ஆனபடியால் தேசப்படம் ஆளுகிறவனுடைய சொத்தாகப் பிறந்தது. 1767-ல் ஏற்பட்ட சர்வே ஆப் இந்தியா, சுதந்திரத்துக்குப் பின் நம்முடைய ஸ்தாபனமாயிற்று. எனினும் அந்தப் பழைய வாசனை உடனே போய்விடவில்லை. 1967-ல் ஏற்பட்ட விதியின்படி, நாட்டின் எல்லையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் சுமார் 80 கிலோமீட்டர் அகலத்துக்குள் உள்ள பிரதேசங்களின் விவரமான மேடு பள்ளப் படங்கள் சாமானிய ஜனங்களுக்குக் கிடைக்காமற் போயின. யுத்தங்களைக் கண்ட சர்க்கார் ஜாக்கிரதையாக இருந்ததைக் குறை கூற முடியாது. ஆனால் பலன் என்ன? இந்தியாவை அளக்கத் தொடங்கிய சென்னையே அந்தத் திரைக்குள் அகப்பட்டுக் கொண்டது. கடலூரும் நாகப்பட்டினமும் அதற்குள்தான். 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி கடல் பொங்கி வந்த போதும் அந்த விதி அமலில் இருந்தது. படம் கையில் இருந்தால் கடல் திரும்பிப் போயிருக்கும் என்று நாம் சொல்லவில்லை. எந்தத் தெரு தாழ்வு, எந்த மேடு அடைக்கலம் என்று ஊரார் முன்கூட்டியே யோசித்து வைக்க ஒரு சாதனம் குறைந்திருந்தது என்பதே நமது வருத்தம்.

2005-ம் வருஷம் மே மாதம் தேசீயப் படக் கொள்கை ஒன்று வெளியாயிற்று. பட்டாளத்துக்கு ஒரு வரிசைப் படங்கள், பொது ஜனங்களுக்கு ஒரு வரிசைப் படங்கள் என்று பிரித்தார்கள். 2021-ம் வருஷம் பிப்ரவரி 15-ந் தேதி கதவு இன்னும் அகலமாகத் திறந்தது. படம் தயாரிக்க முன் அனுமதி வேண்டியதில்லை; விதிகளின்படி நடந்து கொண்டோம் என்று இந்தியக் கம்பெனிகள் தாங்களே உறுதி கூறினால் போதும் என்று ஏற்பட்டது. நாம் மனப்பூர்வமாக வரவேற்க வேண்டிய மாறுதல்தான். ஆனால் சிறுமியின் இரண்டாவது கேள்வி இங்கேதான் குறுக்கே வந்து நிற்கிறது: தப்பாகப் போட்டால் கேட்பவர் யார்?

வைத்தியர் தவறினால் கேட்க வைத்தியக் கவுன்ஸில் இருக்கிறது. வக்கீல் தவறினால் கேட்க வக்கீல்களின் கவுன்ஸில் இருக்கிறது. படம் வரைகிறவர்களுக்கு அத்தகைய சட்ட பூர்வமான சபை கிடையாது. அவர்களுக்கு இருப்பவை, தாங்களே விரும்பிச் சேர்ந்து நடத்தும் சங்கங்கள். இந்த முயற்சியிலும் சென்னை பின்தங்கவில்லை. 1926-லேயே இங்கே சென்னைப் பூகோள சங்கம் தோன்றி, ஒரு பத்திரிகையையும் நடத்தி, பிற்காலத்தில் இந்தியப் பூகோள சங்கமாக வளர்ந்தது. ஆகாயத்திலிருந்து எடுக்கும் படங்களை ஆராய்கிறவர்களின் சங்கம் டேராடூனில் 1969-ல் ஏற்பட்டது. தேசப்படக் கலைக்கென்றே 1979-ல் ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஸ்தாபிக்கப்பட்டதுதான் இண்டியன் நாஷனல் கார்ட்டோகிராபிக் அஸோஸியேஷன்.

இத்தகைய சங்கம் செய்யும் வேலை வெளியாருக்கு எளிதில் புலப்படுவதில்லை. வருஷத்துக்கொரு முறை ஒரு நகரத்தில் மகாநாடு கூட்டுகிறார்கள், கட்டுரைகள் படிக்கிறார்கள், பிரசுரிக்கிறார்கள். "பேச்சுக் கச்சேரிதானே!" என்று நேயர்கள் நினைக்கலாம். அப்படியல்ல. நில அளவைக்காரர் ஓர் இலாகாவில் இருக்கிறார். விண்வெளியிலிருந்து படம் பிடிக்கிறவர் மற்றோர் இலாகாவில். காட்டைக் காப்பவர் வேறோர் இலாகாவில். கல்லூரி ஆசிரியரோ எந்த இலாகாவிலும் இல்லை. ஒரே ஏரியை நான்கு பேரும் நான்கு விதமாக வரைந்து வைத்திருப்பார்கள். உத்தியோக முறையில் இவர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிப் பதில் வருவதற்குள் ஏரியே வற்றிப் போகலாம். சங்கத்தின் கூட்டத்திலோ நால்வரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, "உமது ஏரி ஏன் எமது ஏரியைவிடச் சிறியதாயிருக்கிறது?" என்று நேரில் கேட்கலாம். பதவியின் பயமின்றிச் சக தொழிலாளி கேட்கும் கேள்விக்கு உள்ள சக்தி மேலதிகாரியின் உத்தரவுக்குக் கூட இராது.

ஏரி என்றதும் 2015-ம் வருஷத்து டிசம்பர் மாதம் நினைவுக்கு வருகிறது. லாம்டன் சங்கிலி பிடித்துச் சென்ற அந்த வேளச்சேரிப் பக்கமே தண்ணீரில் மிதந்தது. சதுப்பு எது, கால்வாய் எது, வீடு கட்டத்தக்க நிலம் எது என்பதைத் தெரிந்து கொண்டு எத்தனை குடும்பங்கள் அங்கே மனை வாங்கின? ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்தை மனையில் போடுகிற ஒரு குமாஸ்தாவுக்கு, அந்த மனையின் பழைய படத்தைப் பார்க்கும் பாத்தியதை இல்லையா? தேசப்படம் ஏதோ நிபுணர்களின் விவகாரம் என்று நாம் இனியும் சும்மா இருப்பதற்கில்லை. நமது வீட்டு அஸ்திவாரத்தைப் பற்றிய விவகாரம் இது.

ஆகவே சர்க்காரின் கண்காணிப்புத் தளர்ந்த இடத்தில் தொழிலின் சுய கௌரவம் வந்து நிற்க வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். படத் தொழிலில் ஈடுபட்டவர்களின் தேசீய சங்கங்களிடமிருந்து மூன்று காரியங்களை நாம் எதிர்பார்க்கிறோம். முதலாவது, நல்ல படத்துக்கு இலக்கணம் என்ன, எப்போது அளந்தது, எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்பவற்றைப் படத்திலேயே சொல்லும் வழக்கத்தை நிலைநாட்ட வேண்டும். பிழையே இல்லை என்று சொல்கிற படத்தைவிட, இவ்வளவு பிழை உண்டு என்று ஒப்புக் கொள்கிற படம் மேலானது. இரண்டாவது, சர்க்கார் எதையாவது மூடி வைத்தால் ஏன் என்று கேட்கவும், வியாபாரிகள் எதையாவது திரித்தால் கூடாது என்று சொல்லவும் தைரியம் வேண்டும். மூன்றாவது, ஜனங்களின் பாஷையில் பேச வேண்டும். நமது தேசீயப் படத் தொகுதியின் முதற் பதிப்பு 1957-ல் ஹிந்தியில் வெளிவந்தது. சுதேச பாஷையில் படம் போட முடியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி. தமிழிலும் தெலுங்கிலும் மற்றப் பாஷைகளிலும் கிராமத்துப் பள்ளிக்கூடம் வரையில் நல்ல படங்கள் சென்று சேர வேண்டும்.

நாமும் சும்மா இருக்கலாகாது. உலகத் தேசப்படக்காரர்களின் சங்கம் 1993 முதல் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை குழந்தைகளுக்கு உலகப் படம் வரையும் போட்டி நடத்தி வருகிறது. போட்டியில் சேராவிட்டாலும் பாதகமில்லை. குழந்தைகள் தங்கள் தெருவைத் தாங்களே வரைந்து பழகட்டும். கிணறு எங்கே, வாய்க்கால் எங்கே, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒரு முறை வரைந்தவர்கள் பிறகு எந்தப் படத்தையும் கண்ணை மூடிக் கொண்டு நம்பமாட்டார்கள்.

கலியாண வீட்டிலிருந்து திரும்பிய சிறுமி அன்று மாலையே ஒரு காகிதத்தில் அந்த வீதியை வரைந்து நம்மிடம் கொடுத்தாள். மதிற்சுவர் இருக்கும் இடத்தில் கொட்டை எழுத்தில் "இங்கே வழி இல்லை" என்று எழுதியிருந்தாள். படத்தின் மூலையில் தன் பெயரையும் தேதியையும் போட்டிருந்தாள். எப்போது வரைந்தது, யார் பொறுப்பு என்ற இரண்டு விஷயமும் அதில் இருந்தன. சங்கங்களிடம் நாம் கேட்பதும் அவ்வளவுதான்.